பூட்டுக்கும் காலக்கெடு வேண்டும்

1995இல் அமெரிக்காவில் சூப்பர் நிண்டெண்டோ கன்சோலுக்கு ‘எர்த்பவுண்ட்’ என்றொரு கேம் வந்தது. ஆட்டத்தைச் சேமித்துவைக்கக் கேசட்டுக்குள் இருக்கும் நினைவகம் எவ்வளவு பெரிது என்பதை அந்த கேம் சத்தமில்லாமல் சோதித்துப் பார்க்கும். இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக இருந்தால், ஏதோ நகலெடுக்கும் கருவியில் ஓடுகிறோம் என்று தெரிந்துகொண்டு, எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். அந்தச் சோதனையை யாராவது உடைத்துவிட்டால் அடுத்த கட்டம் தொடங்கும். வழியெங்கும் எதிரிகள் பெருகுவார்கள். அதையும் சமாளித்து, நாள்கணக்கில் ஆடி, கடைசிச் சண்டைக்கு வந்து சேர்ந்தவருக்கு அங்கே திரை உறைந்துபோகும். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால், அதுவரை சேமித்த ஆட்டம் ஒன்றுகூட மிச்சமிருக்காது.

இதைச் செய்தவர்கள்மீது எனக்குக் கோபம் கிடையாது. ராப்பகலாக உழைத்து ஆக்கியதை யாரோ இலவசமாக அள்ளிக்கொண்டு போனால் வயிறு எரியத்தான் செய்யும். நம் ஊரில் திருட்டு விசிடி காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சலை விளக்க வேண்டியதில்லை. ஆனால் விற்ற கடை மூடி, தயாரித்தவர்கள் ஓய்வுபெற்று, கன்சோலே குப்பைக்குப் போன பிறகும் அந்தப் பூட்டு மட்டும் விழித்துக்கொண்டே இருக்க வேண்டுமா என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி.

இன்று பூட்டுப் போடுவது தனித்தொழில். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரத்து டெனுவோ இதில் பெயர்பெற்ற நிறுவனம். 2014இல் வந்த ‘ஃபிஃபா 15’ தொடங்கிக் கணினி கேம்களுக்குப் பூட்டுப் போட்டுவருகிறது. 2018 ஜனவரியில் இதை இர்டெட்டோ வாங்கியது. கட்டணத் தொலைக்காட்சிக்குப் பூட்டுப் போட்டுப் பழகிய நெதர்லாந்து நிறுவனம் அது. 2022 ஆகஸ்டில் டெனுவோ ஒரு புதுச் சரக்கை அறிவித்தது. நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம்கள் எமுலேட்டரில் ஓடாமல் தடுக்கும் மென்பொருள்.

எமுலேட்டர் என்பது ஒரு கருவியின் வேலையை இன்னொரு கருவியில் அப்படியே நடத்திக்காட்டும் மென்பொருள். ஸ்விட்ச் கேமைக் கணினியில் ஓட்ட யூசு, ரியூஜின்க்ஸ் என்று இரண்டு எமுலேட்டர்கள் அப்போது பிரபலம். டெனுவோவின் கவலை என்னவென்றால், ஒரு கேமின் கணினிப் பதிப்புக்கு எவ்வளவு கெட்டியான பூட்டுப் போட்டாலும், அதே கேமின் ஸ்விட்ச் பதிப்பை முதல் நாளே கள்ளத்தனமாக இறக்கி, எமுலேட்டரில் போட்டுக் கணினியிலேயே ஆடிவிடுகிறார்கள். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்துவைத்த கதை. அதனால் கொல்லைக்கும் ஒரு பூட்டு.

இந்தக் கவலை கற்பனை அல்ல. ‘செல்டா’ வரிசையில் ‘டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ 2023 மே 12 அன்று வெளிவர வேண்டியது. அதற்கு முன்பே அது கசிந்து, 10 லட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டது என்று நிண்டெண்டோ பின்னால் நீதிமன்றத்தில் சொன்னது. ஆனால் அந்த கேம் வெளியான மூன்றே நாளில் 1 கோடிப் பிரதிகள் விற்றன. பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும். ஐந்தாறு பேர் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உழைத்து ஒரே ஒரு கேம் போட்ட சிறு குழு தாங்காது. அவர்களுக்கு முதல் மாத வசூல்தான் அடுத்த கேமுக்கு முதல். இதை மறந்துவிட்டு எமுலேட்டருக்குக் கொடி பிடிப்பது நியாயம் இல்லை.

சரி, ஒரு கேம் தான் அசல் கருவியில் ஓடுகிறதா, வேஷத்தில் ஓடுகிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? டெனுவோ தன் தொழில்நுட்பத்தை வெளியே சொல்வதில்லை. ஆனால் இந்த வித்தையின் பழைய வடிவம் வெட்டவெளிச்சமாகக் கிடக்கிறது. 2004இல் நிண்டெண்டோ தன் எண்பதுகளின் கேம்களை ‘கிளாசிக் என்இஎஸ் சீரிஸ்’ என்ற பெயரில் கேம்பாய் அட்வான்ஸ் கருவிக்கு மறுபடி விற்றது. எமுலேட்டரைச் சிக்கவைக்க அந்தக் கேசட்டுகளுக்குள் பல பொறிகள் இருந்தன. எம்ஜிபிஏ என்ற எமுலேட்டரை எழுதியவர், பத்து ஆண்டு கழித்து அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து விளக்கி எழுதினார்.

அதில் ஒரு பொறியைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். கேம்பாய் அட்வான்ஸின் சிப், ஒரு கட்டளையைச் செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த இரண்டு கட்டளைகளை முன்கூட்டி எடுத்து வைத்துக்கொள்ளும். ஓட்டல் சர்வர் பலகையைப் பார்த்து ‘ஒரு தோசை’ என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டார், கல்லில் மாவும் விழுந்துவிட்டது என்று வையுங்கள். அதன்பின் பலகையில் தோசையை அழித்து இட்லி என்று எழுதினாலும் வரப்போவது தோசைதான். கேம் இதைத்தான் செய்கிறது. சிப் எடுத்துவைத்துவிட்ட கட்டளையைக் கடைசி நொடியில் மாற்றி எழுதுகிறது. அசல் சிப் பழைய கட்டளையைச் செய்யும். அவசரத்துக்கு எழுதிய எமுலேட்டரோ ஒவ்வொரு முறையும் பலகையை நிமிர்ந்து பார்த்து, புதுக் கட்டளையைச் செய்யும். இட்லி வந்துவிட்டதா, ஆள் போலி.

இன்னொரு பொறி இதைவிட எளிது. கேசட்டில் என்ன வகைச் சேமிப்பு சிப் இருக்கிறது என்பதை அறிய, எமுலேட்டர்கள் கேமுக்குள் பொதிந்துள்ள ஒரு சொல்லைத் தேடும். இந்தக் கேசட்டுகள் வேண்டுமென்றே பொய்யான சொல்லைப் பொதிந்து வைத்திருந்தன. அண்ணனே இல்லாத வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டு வந்தவனிடம் ‘அண்ணன் சௌக்கியமா?’ என்று கேட்பதுபோல. ‘சௌக்கியம்’ என்றானா, அவன் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. கேம் பிழைச்செய்தியைக் காட்டி நின்றுவிடும்.

அறிவாளிகள் செய்த வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படிக்கும்போது ரசித்தேன். ஆனால் இந்த வித்தைக்கு ஒரு அடிப்படைக் குணம் உண்டு. எதிரே இருப்பவர் திருடரா, காசு கொடுத்து வாங்கியவரா, பல்கலைக்கழக ஆய்வாளரா, அருங்காட்சியகக் காப்பாளரா என்று அது கேட்பதில்லை. அது கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இது அந்தப் பழைய இரும்பா, இல்லையா? அந்த இரும்பு உலகத்தில் இருக்கும்வரை இந்தக் கேள்வியில் ஏதோ நியாயம் இருக்கிறது.

இரும்பு இருக்காது. பழைய கேசட்டுகளில் ஆட்டத்தைச் சேமித்துக் காப்பது கைக்கடிகாரத்தில் போடுவதுபோன்ற சிறு வட்ட பேட்டரி. அது தீர்ந்தால் சேமிப்பு போய்விடும். கன்சோல்களின் மின்தேக்கிகள் கசியும். குறுந்தட்டு படிக்கும் லேசர் மங்கும். கருவியைச் செய்தவர்களே உதிரி பாகம் தருவதை நிறுத்திவிடுவார்கள். கடையும் நிலையானதல்ல. நிண்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இணையக் கடை 2023 மார்ச் 27 அன்று விற்பனையை நிறுத்தியது. அங்கே மட்டுமே விற்கப்பட்ட கேம்களை அன்றிலிருந்து யாரும் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை. அந்நாட்டின் மௌனப் படங்களுக்கு நேர்ந்த கதியோடு ஆய்வு இதை ஒப்பிட்டிருந்தது. அந்த ஒப்பீடு தமிழர்களுக்குச் சுடும். நம் முதல் மௌனப் படம் நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று இல்லை. முதல் பேசும்படம், 1931இன் ‘காளிதாஸ்’, அதற்கும் ஒரு பிரதிகூடக் கிடைத்ததாகத் தெரியவில்லை. பாட்டுப் புத்தகத்தையும் விளம்பரத்தையும் வைத்துக்கொண்டு அந்தப் படம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். யாரும் அதைப் பூட்டிவைத்து அழிக்கவில்லை, அலட்சியத்தால் போனது. கேம்களுக்கு அலட்சியமும் உண்டு, அதன் மேல் பூட்டும் உண்டு.

எமுலேட்டரே சட்டவிரோதம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1999இல் கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் பிளேஸ்டேஷன் கேம்களை ஆப்பிள் மேக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரை விற்றது. சோனி வழக்குப் போட்டது. 2000 பிப்ரவரியில் அமெரிக்க ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. இணக்கமான ஒரு மென்பொருளை உருவாக்குவதற்காக இன்னொன்றைப் பிரித்துப் படிப்பது நியாயமான பயன்பாடு என்றது. அடுத்த ஆண்டே சோனி அந்த எமுலேட்டரை விலைகொடுத்து வாங்கி மூடிவிட்டது. ‘பிளீம்’ என்ற இன்னொரு எமுலேட்டர் நிறுவனம் சோனியோடு மல்லுக்கட்டி, வழக்குச் செலவிலேயே 2001இல் கடையைக் கட்டியது. சட்டம் ஒரு பக்கம், பணபலம் ஒரு பக்கம்.

அதற்குள் 1998இல் வந்த அமெரிக்க டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம் ஆட்டத்தையே மாற்றியிருந்தது. பிரதியெடுத்தாயா என்று கேட்பதோடு நிற்காமல், பூட்டை உடைத்தாயா என்றும் அது கேட்கிறது. 2024 பிப்ரவரியில் யூசு மீது நிண்டெண்டோ போட்ட வழக்கு இந்த அடிப்படையில்தான். ஒரே வாரத்தில் யூசு பணிந்தது. 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு, எமுலேட்டரையும் இழுத்து மூடியது. அதே கையோடு 3டிஎஸ் எமுலேட்டரான ‘சிட்ரா’வும் போனது. கடையே மூடப்பட்ட கருவிக்கான எமுலேட்டர் அது என்பதைக் கவனிக்க வேண்டும். அக்டோபரில் ரியூஜின்க்ஸும் நிறுத்தப்பட்டது. எமுலேட்டர் சரியா தவறா என்று எந்த நீதிபதியும் இந்த விவகாரத்தில் தீர்ப்பு எழுதவில்லை.

எமுலேட்டரைத் திட்டும் நிறுவனங்கள் தாங்களும் அதையே நம்பியிருக்கின்றன. 2018இல் சோனி விற்ற ‘பிளேஸ்டேஷன் கிளாசிக்’ என்ற குட்டிக் கன்சோலுக்குள் ஓடியது, ஆர்வலர்கள் எழுதித் திறந்த மூலமாக வெளியிட்ட ஓர் எமுலேட்டர். 2006 முதல் நிண்டெண்டோ தன் பழைய கேம்களை ‘வர்ச்சுவல் கன்சோல்’ என்று விற்றதும் எமுலேட்டரின் துணையோடுதான். பழையதைப் புதியதில் ஓட்ட வேறு வழி கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்போது டெனுவோவின் வாதத்தையே எடுத்துக்கொள்வோம். 2022 அறிவிப்பில் அவர்கள் வற்புறுத்திச் சொன்னது, கேம் வெளியாகும் முதல் காலகட்டம்தான் வருமானத்துக்கு மிக முக்கியம் என்பது. உண்மை. வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், 2014 முதல் 2022 வரை டெனுவோ பூட்டுடன் வந்த 86 கணினி கேம்களை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார். முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் வருமானத்தில் சராசரியாக 20 சதவீதம் போகிறது. 12 வாரம் தாக்குப்பிடித்துவிட்டால், அதன்பின் உடைந்தாலும் நஷ்டம் அநேகமாகச் சுழியம். பூட்டு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. மூன்று மாதத்துக்குப் பிறகு அது வெறும் சுமை என்பதற்கும் இதைவிட நல்ல சான்று கிடையாது.

கணினி உலகில் சிலர் இதைப் புரிந்துகொண்டு நடக்கிறார்கள். 2016 மே மாதம் வந்த ‘டூம்’ கேமிலிருந்து அந்த டிசம்பரிலேயே டெனுவோவை எடுத்துவிட்டார்கள். ஒரு அப்டேட், அவ்வளவுதான். எடுக்காதவர்களின் வாடிக்கையாளர்கள் பட்ட பாட்டையும் பார்த்தோம். 2021 நவம்பரில் டெனுவோவின் ஒரு டொமைன் பெயர் காலாவதியானதில், காசு கொடுத்து வாங்கிய கேம்களைப் பலரால் சில மணி நேரம் திறக்க முடியவில்லை என்று செய்தி வந்தது. பூட்டுக்காரர் பெட்டிக்கடை அடைத்துவிட்டுப் போன நாளில் வீட்டுக்காரர் தெருவில் நின்ற கதை.

ஸ்விட்ச் போன்ற கன்சோலில் நிலைமை இன்னும் மோசம். கேம் ஒரு சிறு கார்டில் அச்சாகி விற்கப்படுகிறது. விற்றுப்போன கார்டைத் திரும்ப வாங்கி யாரும் திருத்தப்போவதில்லை. பூட்டை நீக்கும் அப்டேட் வந்தாலும் அது இணையத்தில் இறங்கி கன்சோலில் உட்காரும். கார்டுக்குள் பழைய பூட்டு அப்படியே இருக்கும். சர்வர் மூடும் நாளில் மிஞ்சுவது கார்டு மட்டும். ஸ்டீம் இணையக் கடையில் ஒரு கேமுக்கு டெனுவோ இருந்தால் அதன் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். ஸ்விட்ச் கேம் பெட்டியின் அட்டையில் இப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

நூலகங்களாவது காப்பாற்றுமா? அமெரிக்காவில், விற்பனையில் இல்லாத பழைய கேம்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து அணுக நூலகங்கள் அனுமதி கேட்டன. கேம் தொழில் சங்கம் எதிர்த்தது. 2024 அக்டோபரில் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டோம், நூலகத்தில் தொடவும் விடமாட்டோம் என்பது எந்த வியாபாரத்தில் சேர்த்தி என்று எனக்குப் புரியவில்லை.

இது தூரதேசத்துச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 ஜூலை 31 அன்று ‘வெண்பா’ என்ற கேம் வந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் மங்கியும் போயிருக்கிறது. விடுபட்ட வரிகளை யூகித்து இட்லியும் புட்டும் சமைக்க வேண்டும். கேம் முழுக்க அவ்வளவுதான். டொராண்டோவின் ஒரு சிறு குழு செய்த அந்த கேம், அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக கேம் என்ற பரிசைப் பெற்றது. ஸ்விட்ச் உட்படப் பல கருவிகளில் வெளிவந்ததால் அதற்கு உடனடி ஆபத்து இல்லை. புணேயில் உருவான ‘ராஜி’ 2020இல் முதலில் ஸ்விட்சில் மட்டுமே வந்தது, பிறகுதான் மற்றவற்றுக்குப் போனது. ஒரே கருவியோடு நின்றுவிடும் நாளைய தமிழ் கேம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 2060இல் ஒரு பேத்தி அதைத் திறக்க ஆசைப்பட்டால் அவளுக்கு எமுலேட்டர் வேண்டும். அந்த எமுலேட்டரைப் பார்த்து கேம் ‘அண்ணன் சௌக்கியமா?’ என்று கேட்கக் கூடாது.

நம் சட்டம் இதில் அமெரிக்கச் சட்டத்தைவிட நிதானமானது. 2012 திருத்தத்தில் வந்த காப்புரிமைச் சட்டம் 65ஏ பிரிவு, பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் குற்றம். 52ஆம் பிரிவு, ஒரு மென்பொருளை முறையாக வைத்திருப்பவர் இன்னொன்றோடு அதை இணங்கச் செய்யத் தேவையான தகவலைப் பெறலாம் என்கிறது. நல்ல வரிகள். இவற்றைக் கைவிடச் சொல்லி வர்த்தக ஒப்பந்தங்களின் வழியே அழுத்தம் வந்தால் அரசு அசையக் கூடாது. அதே 52ஆம் பிரிவில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. வணிக நோக்கமற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம். ஆனால் அதன் டிஜிட்டல் அல்லாத பிரதி ஏற்கெனவே நூலகத்தில் இருக்க வேண்டும். கேமுக்கு அப்படி ஒரு பிரதியே கிடையாது. பிறக்கும்போதே டிஜிட்டலாகப் பிறந்தது அது.

ஆகவே கேட்க வேண்டியது மூன்று. அட்டையில் பூட்டைச் சொல்லிவிட்டு விற்கட்டும். விற்பனைக் காலம் முடிந்ததும், ஓராண்டு என்றே வைத்துக்கொள்வோம், பூட்டை எடுக்கட்டும். பூட்டில்லாத சுத்தப் பிரதி ஒன்றை முதல் நாளிலேயே ஒரு பொது நூலகத்தில் ஒப்படைக்கட்டும். காலம் வரும்வரை நூலகம் அதை யாருக்கும் தராமல் வைத்திருக்கட்டும். சிறு குழுவின் முதல் மாத வசூலுக்கு இதனால் ஒரு பைசா குறையாது.

ஒப்படைக்கும் வழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தின் ஒரு பிரதியும் சென்னை எழும்பூரின் கன்னிமாரா நூலகத்துக்கு வர வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படிப் பிரதி பெறும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. அந்தச் சட்டத்தின் பெயரில் இன்றுவரை இருப்பவை புத்தகமும் செய்தித்தாளும் மட்டுமே.